மகாவீராசாரியரும் ஐந்து சுவடிகளும்

ஆதிபகவன் விருஷபதேவர் இல்லறத்தில் இருந்த காலத்தில், தம் புதல்வியர் இருவரையும் மடியின் இருபுறமும் அமர்த்திக்கொண்டு, பிராமிக்கு எழுத்தையும் சுந்தரிக்கு எண்ணையும் கற்பித்தருளினார் என்பது ஸ்ரீபுராணம் கேட்டு வளர்ந்த தமிழ்ச் சமணக் குடும்பங்கள் அறிந்த செய்தி. எண்ணும் எழுத்தும் ஒரே நாளில், ஒரே ஆசானிடம், அதுவும் பெண்மக்களுக்கு முதலில் வழங்கப்பட்டன என்னும் அந்த வரலாற்றை நம் முன்னோர் போற்றி வந்தனர். எழுத்துக்குத் தமிழ்ச் சமணர் ஆற்றிய தொண்டு ஊரறிந்தது. சிந்தாமணியையும் நன்னூலையும் யாப்பருங்கலத்தையும் அறியாத தமிழாசிரியர் இல்லை. எண்ணுக்குச் சமணர் ஆற்றிய தொண்டினைக் கேட்டால் மட்டும் நம்மிற் பலர் சற்றே தயங்குவர். அத்தயக்கத்தைப் போக்க ஒரு பெயர் போதும். அது மகாவீராசாரியர் என்பது.

இருபத்து நான்காம் தீர்த்தங்கரரின் திருநாமத்தைத் தாங்கிய இவ்வாசிரியர் கி.பி. 9ஆம் நூற்றாண்டினர். பிறந்த ஊர், பெற்றோர், குரு, துறவு பூண்ட ஆண்டு ஆகிய எவற்றையும் அவர் தம் நூலில் எழுதி வைக்கவில்லை. தம்மைப் பற்றிப் பேசாதிருப்பதைப் பண்பாகக் கொண்ட காலம் அது. எனினும் நூலின் தொடக்கத்தில் அவர் இரண்டு வணக்கங்களைச் சொல்கிறார். முதல் வணக்கம், எண்ணறிவு என்னும் விளக்கினால் உலகம் முழுவதையும் விளங்கச் செய்த வர்த்தமான மகாவீரருக்கு உரியது. அடுத்து நிருபதுங்கன் என்றும் அமோகவர்ஷன் என்றும் பெயர் பெற்ற மன்னனைச் சில பாடல்களில் வாழ்த்துகிறார். இந்த வாழ்த்தைக் கொண்டே அறிஞர்கள் அவருடைய காலத்தை உறுதிசெய்தனர்.

இராட்டிரகூடப் பேரரசன் முதலாம் அமோகவர்ஷன் ஏறத்தாழ 814 முதல் 878 வரை, அறுபது ஆண்டுகளுக்கு மேலாக ஆண்டவன். இன்று கர்நாடக மாநிலத்தில் மால்கேட் எனச் சிற்றூராகச் சுருங்கிக் கிடக்கும் மானியகேடமே அவனது தலைநகர். ஆதிபுராணம் இயற்றிய ஜினசேனாசாரியரை அவன் குருவாகப் போற்றினான். அந்த ஜினசேனருக்கு ஆசிரியர், தவளை என்னும் பேருரையை 816ஆம் ஆண்டில் நிறைவுசெய்த வீரசேனாசாரியர். ஜினசேனர் தொடங்கிக் குணபத்திரர் முடித்த மகாபுராணமே நம் மணிப்பிரவாள ஸ்ரீபுராணத்துக்கு மூலம். ஆகவே மகாவீராசாரியர் நமக்கு முற்றிலும் அயலானவர் அல்லர். பிராமி, சுந்தரி கதையை நமக்குத் தந்த அதே சூழலில், அதே மன்னனின் குடைக்கீழ், எண்ணை எடுத்து நூல் செய்தவர் அவர்.

புதுச்சேரியில் வாழ்வோருக்கு மற்றுமோர் உறவும் உண்டு. தெள்ளாறெறிந்த நந்திவர்மன் என்னும் மூன்றாம் நந்திவர்ம பல்லவனின் அரசி சங்கா என்பவள் இராட்டிரகூட குலத்துப் பெண். அவள் அமோகவர்ஷனின் மகள் என்பது வரலாற்றாசிரியர் பலரின் முடிபு. அவள் மகனுக்கு இடப்பட்ட நிருபதுங்கன் என்னும் பெயர் பாட்டனின் பெயராகவே தோன்றுகிறது. அந்தப் பல்லவ நிருபதுங்கனின் 8ஆம் ஆட்சியாண்டில், புதுச்சேரிக்குத் தெற்கே உள்ள பாகூரின் வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடு கூறுகிறது. தாத்தாவின் அவையைச் சார்ந்து கணித நூல் பிறக்கிறது, பேரனின் காலத்தில் நம் பாகூர்க் கல்விச்சாலை மானியம் பெறுகிறது. இரண்டுக்கும் இடையே நேரான தொடர்பு உண்டெனச் சொல்ல இயலாது. ஆயினும் அக்காலத்து வரைபடத்தில் மானியகேடமும் பாகூரும் இன்று தோன்றும் அளவுக்குத் தொலைவில் இருக்கவில்லை.

மகாவீராசாரியரின் நூல் கணித சார சங்கிரகம். பெயருக்கேற்ப, எண்ணறிவென்னும் கடலிலிருந்து சாரத்தைத் திரட்டித் தருவதாக அவர் அடக்கத்தோடு சொல்கிறார். ஆரியபட்டரும் பிரமகுப்தரும் கணிதத்தை வானநூலின் ஓரிரு அதிகாரங்களாக வைத்தனர். மகாவீராசாரியரோ கணிதத்துக்கென்றே ஒன்பது அதிகாரங்களில், ஆயிரத்து நூற்றுக்கும் மேற்பட்ட சுலோகங்களில் தனிநூல் யாத்தார். எண்ணின் பயன்களை அவர் அடுக்கும் பகுதி மிக இனியது. வாணிகம், இசை, நாடகம், சமையல், மருத்துவம், கட்டடக்கலை, யாப்பு, அணி எனத் தொடங்கி, கிரகணங்களைக் கடந்து, தீவுகள் கடல்கள் மலைகளின் அளவு, மேலுலக கீழுலகங்களின் பரப்பு வரை அவர் கொண்டுசெல்கிறார். ஜம்பூத்வீபத்தின் விட்டத்தையும் சுற்றளவையும் ஆகமத்தில் கேட்ட செவிக்கு இதன் பொருள் உடனே விளங்கும். சமண உலகநூல் மாபெரும் எண்களால் ஆனது. அதைக் கற்பவன் கணக்கை விலக்க இயலாது. ஒன்று முதல் மகாக்ஷோபம் வரை 24 தானங்களுக்கு அவர் பெயர் தருகிறார். ஏன் 24 என்று அவர் சொல்லவில்லை. நாம் எண்ணிக்கொள்ளத் தடையும் இல்லை.

கணக்குகளை அவர் அமைத்த முறை, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளோடு பழகிய ஒருவர் அமைத்ததைப் போன்றது. ஒரு மாங்கனிக் குவியலை அரச குடும்பம் பங்கிடும் கணக்கு அவற்றுள் ஒன்று. அரசன் ஆறில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறான். மீதியில் ஐந்தில் ஒரு பங்கு அரசிக்கு. பின்பு மூத்த இளவரசர் மூவரும் அவ்வப்போது எஞ்சியதில் முறையே நான்கில் ஒன்று, மூன்றில் ஒன்று, பாதி என எடுக்கின்றனர். கடைக்குட்டிக்கு எஞ்சியவை 3 கனிகள். குவியலில் இருந்தவை எத்தனை? விடை 18. ஆளுக்கு எவ்வளவு என்று பார்த்தால் அறுவருக்கும் மூன்று மூன்றுதான். பின்னங்கள் மாறிக்கொண்டே போயினும் பங்கு மாறவில்லை என்பதை, கணக்கை முடித்த பிறகே மாணவன் காண்பான். திண்ணைப் பள்ளியில் முந்திரி, காணி, மா எனக் கீழ்வாய் இலக்கம் மனப்பாடம் செய்த நம் பாட்டன்மார் இதைக் கேட்டிருந்தால் பெரிதும் மகிழ்ந்திருப்பர்.

தமிழ் படித்தவர்களுக்கு இன்னொரு விருந்து, அவர் மாலை என்று பெயரிட்ட எண்கள். 139ஐ 109ஆல் பெருக்கினால் 15151 வரும். 27994681ஐ 441ஆல் பெருக்கினால் 12345654321 வரும். இடமிருந்து படித்தாலும் வலமிருந்து படித்தாலும் ஒன்றே. செய்யுளில் இவ்வாறு அமைவதை நாம் மாலைமாற்று என்கிறோம். அவரும் இவ்வெண்களை மன்னர் அணியும் கழுத்துமாலை என்றே உருவகித்தார். இரு மொழி மரபுகளும் ஒரே உவமையில் வந்து சந்திப்பது வியப்புக்குரியது.

ஆறாம் அதிகாரம் நூலில் மிகப் பெரியது. வட்டிக் கணக்கு, கலப்புக் கணக்கு, குட்டகம் ஆகியன அதில் அடங்கும். பல பொருள்களிலிருந்து சிலவற்றைத் தெரிந்தெடுத்துச் சேர்க்கும் வகைகள் எத்தனை என்பதற்குப் பொதுவிதியும் அங்கேதான் உள்ளது. இன்றைய மேனிலைப் பள்ளி மாணவர்கள் சேர்மானம் என்று படிப்பது அதுவே. அதற்கு எடுத்துக்காட்டாக அவர் கொண்டது அறுசுவை. தனித்தனியே 6, இரண்டிரண்டாக 15, மும்மூன்றாக 20, நான்கு சேர்ந்து 15, ஐந்து சேர்ந்து 6, ஆறும் சேர்ந்து 1. ஆக 63. சலாகா புருஷர்களின் தொகையும் இதுவே என்பது தற்செயலாக இருக்கலாம். இருப்பினும் சமண ஆசிரியர் ஒருவர் கூட்டிப் பார்த்து 63 என்று கண்டபோது முறுவலிக்காமல் இருந்திருப்பாரா என்று கேட்கத் தோன்றுகிறது.

அவர் தவறே செய்யாதவர் என்று சொல்வது அவருக்குப் பெருமை சேர்க்காது. ஓர் எண்ணைச் சுழியால் வகுத்தால் அவ்வெண் மாறாது என்று எழுதினார். அது பிழை. நீள்வட்டத்தின் பரப்புக்கு அவர் தந்த விதி தோராயமானது. பழைய பாரதக் கணித நூலார் பலரும் தொடாத நீள்வட்டத்தை அவர் தொட்டார் என்பதும், அதன் சுற்றளவுக்கு அவர் தந்த விதி மெய்யான அளவுக்கு நெருங்கி நிற்கிறது என்பதும் அத்துடன் சேர்த்து நினைக்கத்தக்கவை. குறை எண்ணுக்கு வர்க்கமூலம் இல்லை, ஏனெனில் அது இயல்பிலேயே வர்க்கம் ஆகாது என்று அவர் தெளிவாகச் சொன்னது கணித வரலாற்றில் பலமுறை எடுத்துக்காட்டப்பெறும் இடம்.

அவர் மறைந்த பிறகு அந்நூல் தென்னாட்டில் பாடநூலாகப் பயின்று வந்தது. 11ஆம் நூற்றாண்டில் பாவுலூரி மல்லனர் அதைத் தெலுங்கில் ஆக்கினார். வல்லபர் என்பவர் கன்னடத்தில் சிற்றுரை எழுதினார். பின்பு காலம் மாறியது. ஆங்கிலப் பள்ளிகள் வந்தன. ஓலையில் கணக்குப் படிப்போர் அருகினர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், கணித வரலாறு எழுதிய மேனாட்டு அறிஞர்களின் கையில் ஆரியபட்டரும் பிரமகுப்தரும் பாஸ்கரரும் இருந்தனர். பிரமகுப்தருக்கும் பாஸ்கரருக்கும் இடைப்பட்ட ஐந்து நூற்றாண்டுகளில் பெரும்பகுதி அவர்களுக்கு வெறுமையாகவே தோன்றியது. மகாவீராசாரியர் அந்த வெறுமையின் நடுவில் இருந்தார், ஓலைக்கட்டுக்குள்.

அக்கட்டினை அவிழ்த்தவர் மு. ரங்காசாரியார். சென்னை மாநிலக் கல்லூரியில் வடமொழிப் பேராசிரியராக அமர்ந்து, அப்பதவியின் பயனாக அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தின் காப்பாளராகவும் ஆனவர். இராமானுசரின் ஸ்ரீபாஷ்யத்தை ஆங்கிலத்தில் ஆக்குவதில் பங்குகொண்ட வைணவப் பெரியார். அவர் பொறுப்பேற்ற சில நாளில், அப்போது கல்வித்துறை இயக்குநராக இருந்த ஸ்டூவர்ட் துரை ஒரு வேண்டுகோள் விடுத்தார். பாரதக் கணித வரலாற்றுக்குப் புத்தொளி தரத்தக்க நூல் ஏதும் நூலகத்தில் உள்ளதா எனத் தேடி, இருப்பின் மொழிபெயர்ப்போடு வெளியிட வேண்டும் என்பதே அது. கணிதச் சுவடிகள் அனைத்தும் எடுத்துப் பார்க்கப்பட்டன. அவற்றுள் கணித சார சங்கிரகத்தின் மூன்று சுவடிகள் கிடைத்தன. மூன்றும் குறைச்சுவடிகள்.

ஒன்று காகிதத்தில் கிரந்த எழுத்தில் எழுதப்பட்டது. வடமொழி உரையோடு முதல் ஐந்து அதிகாரங்கள் மட்டும் அதில் இருந்தன. மற்ற இரண்டும் கன்னட எழுத்தில் அமைந்த பனையோலைச் சுவடிகள். அவற்றுள் ஒன்றிலும் அதே ஐந்து அதிகாரங்கள்தாம். இன்னொன்றில் பரப்பளவு பற்றிய ஏழாம் அதிகாரம் மட்டும். ஆக, மாநிலத்தின் மாபெரும் நூலகத்தில் ஆறாம் அதிகாரம் இல்லை. எட்டும் ஒன்பதும் இல்லை. மாங்கனிக் கணக்கு இருந்தது, எண்மாலைகள் இருந்தன. அறுசுவையின் 63 இல்லை. அத்துடன் நிறுத்தி அச்சிட்டிருந்தாலும் அக்காலத்தில் குறை சொல்வார் இருந்திருக்க மாட்டார். ரங்காசாரியார் நிறுத்தவில்லை. வேறு சுவடிகளைத் தேடுமாறு ஸ்டூவர்ட் துரை ஊக்கினார். நூல் வெளிவருமுன்பே அத்துரை காலமாகிவிட்டார் என்பது ரங்காசாரியாருக்குப் பெருந்துயரம் தந்தது.

நான்காம் சுவடி மைசூர் அரசினர் கீழ்த்திசை நூலகத்திலிருந்து இரவலாக வந்தது. அந்நூலகத்தின் காப்பாளர் அ. மகாதேவ சாஸ்திரி அதனை வேண்டிய காலம் வரை சென்னையில் வைத்துக்கொள்ள இசைந்தார். அது காகிதப் படி. அதன் மூல ஓலை ஜைன பண்டிதர் ஒருவருடையது. பிழைகள் மலிந்திருந்தன. ஆயினும் ஒன்பது அதிகாரங்களும் முழுமையாக இருந்தன, வல்லபரின் கன்னட உரையும் உடனிருந்தது. ஐந்தாம் சுவடி தென்கன்னடத்து மூடபித்ரியில் உள்ள ஜைன மடத்து ஓலையிலிருந்து படியெடுக்கப்பட்டது. சென்னையில் வடமொழிப் பள்ளிகளின் துணை ஆய்வாளர் ஒருவரும் மூடபித்ரி அன்பர் ஒருவரும் முயன்று அதனைப் பெற்றுத் தந்தனர். அதுவும் முழுமையானது. இவற்றின்மேல் இன்னும் தேடியும் வேறு சுவடி கிடைக்கவில்லை. இந்த ஐந்தையும் ஒப்பிட்டே பாடம் தேர்ந்தெடுக்கப்பட்டது.

ஐந்தில் முழுமையானவை இரண்டு. இரண்டும் சமணர் கையிலிருந்து வந்தவை. இந்தச் செய்தி நம் குடும்பங்களில் ஒருமுறையேனும் பேசப்படத் தக்கது.

அச்சு வேலை நடந்துகொண்டிருக்கும்போதே அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக் கணித வரலாற்றறிஞர் டேவிட் யூஜின் ஸ்மித்துக்குச் செய்தி எட்டியது. 1908ஆம் ஆண்டு ரோம் நகரில் கூடிய நான்காம் உலகக் கணித மாநாட்டில் அவர் கணித சார சங்கிரகத்தைப் பற்றிக் கட்டுரை படித்தார். மூடபித்ரி மடத்து ஓலையில் இருந்த பெயர் ரோமாபுரியில் ஒலித்தது. 1912இல் சென்னை அரசு அச்சகத்தில் மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்பும் குறிப்புகளும், ஸ்மித்தின் அறிமுகத்தோடு நூலாக வந்தன. நான்கு ஆண்டுகளில் ரங்காசாரியாரும் மறைந்தார்.

மூடபித்ரி என்ற பெயரைக் கேட்டதும் நம்மவர் நினைவுக்கு வருவது தவளை. ஆகமத்தை ஓலையில் எழுதி நிறைவேற்றிய நாளைச் சுருத பஞ்சமியாகக் கொண்டாடுகிறோம். அந்த ஷட்கண்டாகமத்தின் தவளை உரைச் சுவடிகள் பல நூற்றாண்டுகள் மூடபித்ரியில் மட்டுமே தங்கியிருந்தன. அன்பர்கள் அவற்றைத் தரிசித்தனர், ஆயினும் படித்தவர் அரியர். அரும்பாடுபட்டுப் படியெடுக்கப்பட்டு, ஹீராலால் ஜைன் பதிப்பாசிரியராக இருந்து 1939இல் முதல் தொகுதி வெளிவந்தது. பூட்டி வைத்தமையால் காப்பாற்றப்பட்டது என்பது உண்மை. பூட்டியே வைத்திருந்தால் நாம் அறிந்திருக்க மாட்டோம் என்பதும் உண்மை. தமிழகத்திலும் இவ்வாறே நிகழ்ந்தது. கும்பகோணத்தில் சந்திரநாத செட்டியார் வீட்டுக் கதவு திறந்திருந்தமையால்தான் உ.வே. சாமிநாதையர் சிந்தாமணியின் பொருளை உணர்ந்து 1887இல் பதிப்பிக்க முடிந்தது.

கதவு திறவாமற்போன இடமும் உண்டு. திருக்குறளில் எண்ணும் எழுத்தும் பற்றிய குறளுக்கு உரை காணும் பரிமேலழகர், கணிதத்துக்கு ஏரம்பம் முதலிய நூல்களைக் காணுமாறு பணிக்கிறார். அவர் காலத்தில் ஏரம்பம் கைக்கெட்டும் நூலாக இருந்தது என்பது இதனால் தெளிவு. இன்று நமக்கு அதன் பெயர் மட்டுமே எஞ்சியுள்ளது.

ஓலையிலும் ஏறாமல் நினைவில் மட்டும் வாழ்ந்த கணிதமும் உண்டு. அதற்குப் புதுச்சேரியே சான்று. சுக்கிரன் சூரியனைக் கடக்கும் காட்சியைக் காண வந்த பிரெஞ்சு வானியலறிஞர் லெ ழான்தீல், 1769இல் மேகம் மறைத்து அக்காட்சியை இழந்தார். ஆயினும் இவ்வூரில் தங்கியிருந்த நாள்களில் தமிழர் கிரகணம் கணிக்கும் முறையைக் கற்று எழுதிச் சென்றார். பின்னர் 1825இல் காலசங்கலிதம் என்னும் பெருநூலை வெளியிட்ட ஜான் வாரன், புதுச்சேரிப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் தரையில் சோழிகளை வைத்து, எண் ஒன்றும் எழுதாமல், மனப்பாடமான வாக்கியங்களைக் கொண்டு அவ்வாண்டுச் சந்திர கிரகணத்தைக் கணித்ததை அதில் பதிவுசெய்தார். கிரகணம் தொடங்கும் நேரத்தில் பிழை 4 நிமிடமே. நடுவும் முடிவும் கூடுதலாகப் பிசகின. வாரன் 1830இல் இவ்வூரிலேயே உயிர்நீத்தார். 1952இல் நாய்கெபாயர் என்னும் அறிஞர் தமிழர் வானநூலைப் பற்றி ஆய்வுக்கட்டுரை எழுதியபோது, அவருக்கு ஆதாரமாக நின்றவை இவ்விருவரின் பதிவுகளே. சோழி வைத்துக் கணித்தவரின் வீட்டில் ஏடு இருந்ததா என்று கேட்டு வைத்தவர் எவருமில்லை.

இனி, மகாவீராசாரியரை நாடுவோர் அவரை எங்கே காணலாம்?

1912ஆம் ஆண்டுப் பதிப்பு பழைய கல்லூரி நூலகங்களிலும் ஆராய்ச்சி நிறுவனங்களிலும் பார்க்கக் கூடியது. தாள் மிகவும் நொய்ந்திருக்கும். ஒளிப்படி எடுக்கக் கேட்பதைவிட அங்கேயே அமர்ந்து குறிப்பெடுப்பது நூலுக்கு நன்று. 1963இல் சோலாப்பூர் ஜைன ஸம்ஸ்கிருதி ஸம்ரக்ஷக சங்கம் ஜீவராஜ ஜைன கிரந்தமாலையின் வரிசையில் லக்ஷ்மி சந்திர ஜைன் அவர்களின் இந்தி மொழிபெயர்ப்போடு மூலத்தை வெளியிட்டது. 2000இல் கர்நாடகத்து ஹொம்புஜ ஜைன மடத்தின் வெளியீடாகப் பேராசிரியை பத்மாவதம்மா கன்னட மொழிபெயர்ப்போடு ஒரு பதிப்பு கொண்டுவந்தார். மூலம் ஓலையில் எந்த எழுத்தில் இருந்ததோ அந்த எழுத்துக்குரிய மொழிக்கே நூல் திரும்பிச் சென்றது இதில் தனிச்சிறப்பு.

இணையத்தில் தேடுவது எளிது. இருப்பினும் சில நுணுக்கங்களை அறிந்திருப்பது நல்லது. ரங்காசாரியார் பதிப்பு இன்டர்நெட் ஆர்க்கைவ் என்னும் மின்னூலகத்தில் முழுமையாகப் படிக்கவும் இறக்கிக்கொள்ளவும் கிடைக்கிறது. காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டமையால் எவரும் தயங்க வேண்டுவதில்லை. தேடும்போது பெயரை ஒரே வகையில் எழுதிவிட்டு, இல்லை என்று விட்டுவிடக் கூடாது. ஆசாரியர் என்பதன் சகரத்துக்கு ரோமன் எழுத்தில் ஓரெழுத்தும் இடுவர், ஈரெழுத்தும் இடுவர். கணித, சார, சங்கிரக என்பவற்றைச் சேர்த்தும் பிரித்தும் இடைக்கோடு இட்டும் எழுதுவர். சங்கிரகத்தின் இறுதியில் அகரம் ஏற்றியும் ஏற்றாமலும் காண்பர். மூன்று நான்கு வகைகளில் முயன்றால் ஒன்றுக்கு மேற்பட்ட படிகள் கிட்டும். ஒரு படியில் மடங்கிய பக்கம் மற்றொன்றில் நேராக இருக்கும். ஆகவே இரண்டை ஒப்பிடுவது பயன்தரும். ரங்காசாரியார் ஐந்தை ஒப்பிட்டார், நமக்கு இரண்டு பெரிய சுமையாகாது.

நூலைத் திறந்ததும் முதலில் ஆங்கில முன்னுரை, பிறகு நாகரி எழுத்தில் மூலம், அதன்பின் மொழிபெயர்ப்பு. மொழிபெயர்ப்பு முடிந்தவுடன் மூடிவிடாமல் பின்னிணைப்புகளையும் பார்க்க வேண்டும். எண்ணுக்குப் பதிலாக ஆளப்பட்ட சொற்களின் பட்டியல் அங்கே இருக்கிறது. சந்திரன் என்றால் 1, கண் என்றால் 2. ரத்தினம் என்றால் 3, மும்மணி அன்றோ. தத்துவம் என்றால் 7, ஜீவன் முதல் மோட்சம் ஈறாக. நற்காட்சி, நல்ஞானம், நல்லொழுக்கம் என்று குழந்தைகளுக்குச் சொல்லித் தரும் பெற்றோர், அதே சொல் ஒரு கணக்கு நூலில் எண்ணாக நிற்பதை அவர்களுக்குக் காட்டலாம். கணக்கில் ஆர்வமற்ற பிள்ளைகூட அந்தப் பக்கத்தில் சற்று நின்று பார்க்கும்.

தமிழ்க் கணக்கு நூல்களை நாடுவோருக்குக் காரிநாயனாரின் கணக்கதிகாரம் முதல் வாயில். தஞ்சைச் சரசுவதி மகால் நூலகம் அதனைப் பதிப்பித்துள்ளது. பலாவை அறுக்காமலே காம்பருகே முள்ளை எண்ணிச் சுளையின் தொகையைக் கணிக்கும் வழி அதில் உண்டு. பண்ருட்டிப் பலா வரும் பருவத்தில் வீட்டில் சோதித்துப் பார்க்கத் தக்கது. கணக்கு எப்போதும் பொருந்தும் என்று நூலின்மேல் பழி போட வேண்டா. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அச்சு நூல்களோடு சுவடிப் படங்களும் ஏற்றப்பட்டுள்ளன. புதுச்சேரியிலேயே, 1955இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் ஆயிரக்கணக்கான ஓலைச்சுவடிகள் பேணப்படுகின்றன. அங்குள்ள சைவச் சுவடித் தொகுதி 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது. சுவடியைத் துடைத்து எண்ணெய் பூசி அடுக்கி வைக்கும் முறையைக் கண்ணால் காண விழைவோர் வெளியூர் செல்ல வேண்டியதில்லை.

சாத்திர தானத்தை நான்கு தானங்களுள் ஒன்றாக வைத்த மரபு நம்முடையது. கல்யாணத்துக்கும் நோன்பு நிறைவுக்கும் ஏடெழுதி ஆலயத்துக்கு அளித்த குடும்பங்கள் நம்மிடையே இருந்தன. பரணில் கிடக்கும் கட்டில் உள்ளது தோத்திரமோ, சோதிடமோ, நிலக்கணக்கோ என்று பிரித்துப் பார்க்காதவரை எவருக்கும் தெரியாது. மைசூர் நூலகத்துக்கு ஓலையைப் படியெடுக்கத் தந்தபோது, அது ஒரு நூற்றாண்டுக்கான கணித வரலாற்றை மாற்றும் என்று அதன் உரிமையாளருக்கும் தெரிந்திருக்க வழியில்லை.

ரங்காசாரியாரின் முன்னுரையில் நன்றிக்குரியவர் பலரின் பெயர்கள் உள்ளன. கல்வி இயக்குநரின் பெயர் உண்டு, மைசூர்க் காப்பாளரின் பெயர் உண்டு, பள்ளித் துணை ஆய்வாளர், மூடபித்ரி அன்பர் ஆகியோரின் பெயர்களும் உண்டு. ஒன்பது அதிகாரங்களையும் ஓலையில் காத்து வைத்திருந்த அந்த மனிதரை மட்டும் அம்முன்னுரை ஜைன பண்டிதர் ஒருவர் என்று குறிப்பிட்டுவிட்டு மேலே செல்கிறது.